ரூட்டிங் டேபிளில் இல்லாத வழியில் போன பாக்கெட்

ஒரே நெட்வொர்க்கில் பல நிறுவனங்களை வைத்துப் பராமரிப்பவர்களுக்கு இந்த வேலை என்றாவது ஒருநாள் வந்தே தீரும். ஆளுக்கொரு வி.ஆர்.எஃப் (ஒரே ரூட்டருக்குள் தனியாக இயங்கும் ரூட்டிங் டேபிள்) கொடுத்து ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்போம். அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றுவது), ஒரு என்டிபி (சரியான நேரம் தருவது), ஒரு பேக்கப் சர்வர் தேவைப்படும்.

வழக்கமான தீர்வு எளிமையானது. பொதுச் சேவைகளுக்கு ஒரு தனி வி.ஆர்.எஃப். அதன் ரூட்கள் 65000:900 என்ற ரூட் டார்கெட்டோடு (ரூட்டின் மேல் ஒட்டும் அடையாளச் சீட்டு) வெளியே போகும். வாடிக்கையாளர்கள் அதை இம்போர்ட் செய்துகொள்வார்கள். வாடிக்கையாளர்களின் ரூட்கள் 65000:901 என்று போகும். அதைச் சேவை வி.ஆர்.எஃப் மட்டும் எடுத்துக்கொள்ளும். 901-ஐ வேறு எந்த வாடிக்கையாளரும் இம்போர்ட் செய்வதில்லை என்பதால் ஒருவர் டேபிளில் இன்னொருவர் வரமாட்டார். ரூட் டிஸ்டிங்குவிஷரையும் ரூட் டார்கெட்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் புதியவர்கள் குழம்புவார்கள். முன்னது 4 பைட் முகவரிக்கு முன்னால் 8 பைட் ஒட்டி அதைத் தனித்துவமாக்குகிறது, அவ்வளவுதான். யார் யாருடைய ரூட்டை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது பின்னதுதான்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் செய்திருந்தோம், நன்றாகவே ஓடியது. பிறகு சில வாடிக்கையாளர்கள் இணையமும் அதே வழியாக வேண்டும் என்றார்கள். சேவை வி.ஆர்.எஃப்-க்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு ஃபயர்வால் இருந்தது. அதை நோக்கி ஒரு டிஃபால்ட் ரூட் (டேபிளில் வேறு வழி இல்லாத பாக்கெட்டெல்லாம் போகும் வழி) போட்டு, அதையும் 900-இல் அனுப்பினோம். ஒரே ஒரு வரி மாற்றம்.

சில நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் தன் பாதுகாப்பு ஸ்கேனில் தெரியாத ஒரு சர்வர் வருகிறது என்றார். அது இன்னொரு வாடிக்கையாளருடைய சர்வர். முதலாமவரின் டேபிளைத் திறந்து பார்த்தால் மற்றவரின் ரூட் ஒன்றுகூட இல்லை. ஃபயர்வால் லாகிலும் எதுவும் இல்லை.

பாக்கெட் டிஃபால்ட் ரூட்டைப் பிடித்துச் சேவைப் பக்கத்து பிஇ ரூட்டருக்கு (நம் நெட்வொர்க்கின் விளிம்பில் இருக்கும் ரூட்டர்) போயிருக்கிறது. அங்கே வி.ஆர்.எஃப் ஒன்றுக்கு ஒரு லேபிள் (பாக்கெட்டின் மேல் ஒட்டி அனுப்பும் எண்) என்ற அமைப்பு. ரூட்டர் லேபிளைக் கழற்றிவிட்டுச் சேவை டேபிளில் மறுபடி தேடியது. அந்த டேபிளில் எல்லா வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சேவைகளின் பதில் திரும்பாது. ஃபயர்வாலைத் தொடாமலேயே பாக்கெட் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. பதிலும் அவருடைய டிஃபால்ட் வழியாக அதேபோல் திரும்பியது. ரூட்டுக்கு ஒரு லேபிள் என்று வைத்திருந்தால் ஃபயர்வால் வரையாவது போயிருக்கும். ஆனால் வந்த இன்டர்ஃபேஸிலேயே திருப்பி அனுப்புவதை அங்கே தடுத்திருக்காவிட்டால் முடிவு அதேதான்.

டிஃபால்ட் ரூட்டை அன்றே எடுத்தோம். இரண்டு வாடிக்கையாளர்களிடமும் நடந்ததைச் சொன்னோம். அவர்கள் நம்பிப் பணம் கொடுப்பதே அந்தப் பிரிவினைக்குத்தான், அதனால் மறைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு சேவைப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் /32 ரூட் (அந்த ஒரே முகவரிக்கானது) மட்டுமே வெளியே போகும். இணையம் வேண்டியவருக்கு ஃபயர்வாலில் அவருக்கென்று தனி சப்-இன்டர்ஃபேஸ், அவருடைய வி.ஆர்.எஃப்-இலேயே முடியும்.

இதே குடும்பத்தில் இன்னொரு ஆபத்து: இரண்டு பேர் 192.168.1.0/24 வைத்திருப்பது. டிஸ்டிங்குவிஷர் வேறாக இருப்பதால், ரூட்டர்கள் ரூட்களைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி-யில் இரண்டும் பிழைக்கும். ஆனால் சேவை டேபிளுக்குள் இம்போர்ட் ஆனதும் இரண்டும் ஒரே ரூட்தான், ஒன்று ஜெயிக்கும். தோற்றவருக்குப் போக வேண்டிய பதில்கள் ஜெயித்தவரிடம் போய்ச் சேரும். அதனால் வாடிக்கையாளர் எல்லையிலேயே நேட் (முகவரி மாற்றம்) செய்து, 2012-இல் சேவை நிறுவனங்களுக்கென ஒதுக்கிய 100.64.0.0/10-இலிருந்து ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறோம். எந்த ரூட் வெளியே போகலாம் என்று வடிகட்டும் எக்ஸ்போர்ட் மேப்பில் அந்தத் துண்டைத் தவிர வேறு எதுவும் வெளியேறாது.

இப்போது என் சேஞ்ச் படிவத்தில் ஒரு சோதனை நிரந்தரமாக இருக்கிறது: ஒரு வாடிக்கையாளரின் வி.ஆர்.எஃப்-இலிருந்து இன்னொருவரின் முகவரிக்கு ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள ரூட்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டுவது), இரண்டு திசையிலும். பிங் போகவில்லை என்பது மட்டும் போதாது, எதிர்முனையில் பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி-யைத் தடுத்திருக்கலாம். பாக்கெட் அவருடைய சொந்த பிஇ ரூட்டரிலேயே நின்றால்தான் சேஞ்சை மூடுவேன். ஒரு ஹாப் தாண்டினாலும் அன்று இரவே பழைய கான்ஃபிக்குத் திரும்பிவிடுவோம்.