ஜட்ஜுக்கு மெமோ கொடுப்பது யார்?

தில்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் தரிசனம் முடித்துப் படியிறங்கும்போது, மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வுபெற்ற நண்பர் கேட்டார்: "நான் ஒரு ஃபைலை அமுக்கி வைத்தால் மெமோ வரும். மிஞ்சினால் இன்க்ரிமென்ட் கட். ஜட்ஜ் தப்பு பண்ணினா யார் சார் மெமோ கொடுப்பாங்க?"

எந்த ஜட்ஜ் என்பதைப் பொறுத்தது. மாவட்ட நீதிமன்றம் வரை அவர் சொன்ன எல்லாமே உண்டு. அரசியல் சட்டத்தின் 235-ஆவது பிரிவு அவர்களை உயர் நீதிமன்றத்தின் பிடியில் வைத்திருக்கிறது. விசாரணை, சஸ்பென்ஷன், ஊதிய உயர்வு நிறுத்தம், கட்டாய ஓய்வு என்று படிப்படியாகப் போகலாம். அதற்கு மேலே இருக்கும் நீதிபதிகளுக்குச் சட்டத்தில் உள்ள தண்டனை ஒன்றே ஒன்று: பதவிநீக்கம்.

அது லேசில் நடக்காது. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்துப் போட வேண்டும். அவைத் தலைவர் ஏற்றால் மூவர் குழு விசாரிக்கும். குற்றம் நிரூபணமானாலும், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும்.

இந்த இரட்டைக் கணக்கு என்ன செய்யும் என்று 1993 மே மாதம் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனவர் நீதிபதி வி. ராமசாமி. அதற்கு முன் சண்டிகரில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு வீட்டுக்கு மேசை, நாற்காலி, கம்பளம் என்று அளவுமீறிச் செலவழித்தார் என்பது புகார். மூவர் குழு பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாகச் சொல்லிவிட்டது. மக்களவையில் அவருக்காக வாதாடியவர் கபில் சிபல். தீர்மானத்துக்கு ஆதரவாக 196 ஓட்டு. எதிர்த்து ஒன்றுகூட இல்லை. ஆனால் காங்கிரஸும் கூட்டாளிகளுமாக 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதி தேறாததால் தீர்மானம் தோற்றது. அடுத்த வருடம் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே ஓய்வுபெற்றார்.

2011-இல் கொல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னுக்கு எதிரான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவைக்கு வருமுன் அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

சரி, சின்னத் தப்புக்கு? 1999 முதல் உச்ச நீதிமன்றம் தானே வகுத்துக்கொண்ட உள் விசாரணை முறை ஒன்று இருக்கிறது. தலைமை நீதிபதி கூப்பிட்டுப் புத்தி சொல்லலாம், ராஜினாமா செய்யச் சொல்லலாம், வழக்கு ஒதுக்காமல் விடலாம். 'மாட்டேன்' என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் எழுதுவதோடு சரி.

மெமோ கொடுக்கும் அதிகாரத்தை அரசிடம் தந்துவிடலாமே என்றார் நண்பர். நாட்டில் மிக அதிகமாக வழக்காடுவதே அரசுதான். தனக்கு எதிராகத் தீர்ப்பெழுதுகிறவரின் இன்க்ரிமென்டை அது கையில் வைத்திருந்தால் என்ன ஆகும்?

ஆகவே சீர்திருத்தம் என்றால், நடுவில் இல்லாத படிகளை அரசின் கைபடாமல் கட்டுவது. நீதிபதிகளின் பொறுப்புடைமை பற்றிய 2010-ஆம் ஆண்டு மசோதா அந்தப் படிகளைக் கட்ட முயன்றது: பொதுமக்களே புகார் தரலாம், பதவிநீக்கம் அளவுக்குப் போகாத தப்புக்கு எச்சரிக்கை தரலாம். கூடவே பொய்ப் புகாருக்குச் சிறை என்றும் ஒரு வரி. இதைப் பார்த்த பிறகு எவன் புகார் எழுதுவான்? மக்களவை அதை 2012 மார்ச்சில் நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது அப்படியே கிடந்தது; 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது.