ஒரே வாய்க்கால், இரண்டு நெல்

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற கமக்காரருக்கு இது பழகிய விஷயம். போகம் தொடங்கு முன் கூட்டம் வைப்பார்கள். முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, எத்தனை மாத நெல் என்றெல்லாம் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். ஒருவர் 3 மாத நெல்லான பிஜி 300 விதைக்கிறார், அதே வாய்க்காலில் பக்கத்து வயல்காரர் மூன்றரை மாத நெல்லான பிஜி 352 விதைக்கிறார் என்று வையுங்கள். முதலாமவர் வெட்டுக்கு வயலைக் காயவிடும்போது மற்றவருக்கு இன்னும் தண்ணீர் வேண்டும். இரண்டுமே நல்ல நெல்தான். வாய்க்கால் ஒன்றாகப் போய்விட்டது.

இதே தகராறு ஒரு லப்டொப்புக்குள் நடந்ததைப் போன மாதம் பார்த்தேன். முரசுமோட்டையிலிருந்து வந்த மாணவி ஒருவர், "சேர், போன வருசம் நல்லா ஓடின புரோகிராம். லப்டொப் திருத்தி எல்லாம் புதுசாப் போட்டாப் பிறகு ஓடுதில்லை" என்றார். மழைவீழ்ச்சிக் கணக்கை வாசித்து, விடுபட்ட நாட்களை நிரப்பி, வரைபு கீறுகிற சின்னப் பைதன் நிரல் அது. நிரப்புகிற வேலையை ஒரு பழைய பக்கேஜ் (வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுதி) செய்கிறது, கீறுகிற வேலையை ஒரு புதிய பக்கேஜ் செய்கிறது. இரண்டும் கணக்குப் போட நம்பை என்ற லைப்ரரியை, அதாவது இன்னொரு பக்கேஜை, நம்பியிருக்கின்றன. பழையது "பதிப்பு 2-க்குக் கீழான நம்பை வேண்டும்" என்கிறது. புதியது "2 அல்லது அதற்கு மேல்" என்கிறது.

பதிப்பு எண் என்பது ஒரு வாக்குறுதி. பிஜி 300 என்றால் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 3 மாத நெல் என்று பெயரைக் கேட்டதுமே விளங்குகிறதல்லவா, அப்படித்தான். 1.26.4 என்ற எண்ணில் கடைசி இலக்கம் கூடினால் பிழை திருத்தியிருக்கிறார்கள். நடு எண் கூடினால் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள், பழையது பெரும்பாலும் ஓடும். முதல் எண் மாறினால் பழைய நிரல் உடையலாம், கவனம் என்று பொருள். நம்பை 1.0 வந்தது 2006-இல். 2.0 வந்தது 2024 ஜூனில். அதில் சில பழைய பெயர்களை நீக்கினார்கள், உள்ளமைப்பையும் மாற்றினார்கள். ஆகவே நம்பை 1-ஐ வைத்துக் கம்பைல் செய்த (இயந்திர மொழிக்கு மாற்றிய) பக்கேஜ்களைத் திரும்பவும் கட்டவேண்டி வந்தது.

சரி, இரண்டு நம்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன? பைதனில் முடியாது. ஓடுகிற ஒவ்வொரு பைதன் நிரலிடமும் ஒரு பதிவேடு இருக்கிறது. யாராவது ஒரு லைப்ரரியைக் கேட்டால், அந்தப் பெயர் முன்பே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கும். பதிவேட்டில் பெயர் மட்டும்தான் சாவி, பதிப்பு எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. எனவே முதலில் யார் கேட்டாரோ அவருக்கு ஏற்றப்பட்ட நம்பைதான் பின்னால் வருகிறவருக்கும் கிடைக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுகிற நோட் ஜேஎஸ் இதை வேறு விதமாகச் செய்கிறது. கேட்கிற கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கே முதலில் தேடும், கிடைக்காவிட்டால் ஒவ்வொரு படியாக மேலே போகும். ஒவ்வொரு பக்கேஜும் தனக்கு வேண்டிய பதிப்பைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வாய்க்காலை விட்டு ஆளுக்கொரு கிணறு வெட்டுவது மாதிரி. இடம் அதிகம் பிடிக்கும், அது பெரிய விஷயமில்லை. ஒரு பிரதியில் உருவான பொருளை மற்றப் பிரதியிடம் கையளிக்கும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, ஆனாலும் "இது என்னுடைய வகையில்லை" என்று மறுத்துவிடும்.

ஜாவா என்ற நிரல்மொழியின் வழமையான முறையில் ஆபத்து இன்னும் ஒளிந்திருக்கும். அது லைப்ரரி தேடுகிற பாதையில் இரண்டு பதிப்புகள் கிடந்தால், முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு பேசாமல் ஓடத் தொடங்கிவிடும். எப்போதோ ஒரு நாள், இல்லாத ஒரு செயற்கூறைத் தேடி நடுவழியில் விழும். என்னைக் கேட்டால், பைதனில் பக்கேஜ் நிறுவுகிற கருவியான பிப், நிறுவும்போதே "முடியாது" என்று கத்துவது எவ்வளவோ மேல்.

அந்தப் பிப்பும் எப்போதும் இப்படிக் கவனமாக இருந்ததில்லை. 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பிலிருந்துதான் எல்லா நிபந்தனைகளையும் ஒன்றாகப் பார்த்து, முட்டினால் பின்வாங்கி, வேறு பதிப்பை எடுத்துப் பார்க்கிறது. இது லேசான வேலையில்லை. 20 பக்கேஜ், ஒவ்வொன்றுக்கும் 30 பதிப்பு என்றால் சேர்க்கைகளின் எண்ணிக்கை 30 இலக்கங்களில் வரும். எல்லாச் சந்தர்ப்பத்திலும் விரைவாக விடை தருகிற குறுக்குவழி எதையும் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு, ஒரு பதிப்பு என்ன கேட்கிறது என்று அறியவே சில வேளை அதை முழுதாகத் தரவிறக்கவேண்டும். போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிற பிள்ளைக்கு அது டேட்டாக் காசு. அந்த மாணவியின் திரையில் ஒரே பக்கேஜின் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

கோ என்ற நிரல்மொழிக்காரர் 2018-இல் வேறொரு வழி பிடித்தார்கள். ஒவ்வொருவரும் "குறைந்தது இது வேண்டும்" என்று மட்டும் சொல்லலாம், அவற்றில் உயர்ந்தது எடுக்கப்படும். முதல் எண் மாறினால் லைப்ரரியின் பெயரே மாறிவிடும். பெயர் வேறானால் சண்டை இல்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். இணங்கிப்போவதைத்தான் முதலில் முயன்றோம். வரைபுப் பக்கேஜின் பழைய பதிப்பு நம்பை 1-உடன் ஓடியது, ஆனால் அவருக்கு வேண்டிய வரைபு வகை புதியதில்தான் இருந்தது. அப்புறம் இரண்டு தனித்தனி மெய்நிகர் சூழல் உருவாக்கினோம், ஒவ்வொன்றும் தன் பக்கேஜ்களை மற்றதோடு கலக்காமல் தனியே வைத்திருக்கும். முதலாவதில் நம்பை 1.26, அது விடுபட்ட நாட்களை நிரப்பி முடிவைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாக) எழுதும். இரண்டாவதில் நம்பை 2, அது அந்தக் கோப்பை வாசித்து வரைபு கீறும். நடுவில் கடப்பது வெறும் திகதியும் மில்லிமீற்றரும்தான், அவற்றுக்குப் பதிப்பு எண் கிடையாது.

கடைசியாக, இரண்டு சூழலிலும் இருந்த பக்கேஜ்களின் துல்லியமான எண்களை ஒரு கோப்பில் எழுதிவைக்கச் சொன்னேன். அவர் அதோடு நிற்கவில்லை. இறக்கிய பக்கேஜ் கோப்புகளை அப்படியே ஒரு பென்ட்ரைவில் போட்டுக்கொண்டார், தன் வகுப்பில் இதே நிரலை ஓட்டப்போகிற மற்றப் பிள்ளைகள் டேட்டா செலவழிக்காமல் அதிலிருந்தே நிறுவலாமென்று.