நீர்வடிப்பகுதித் திட்டம்: நீங்கள் கட்டும் 5 சதவீதம் எங்கே போகிறது?

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஒரு பக்கம் திருமணிமுத்தாறாகச் சேலம் வழியே இறங்குகிறது, இன்னொரு பக்கம் சரபங்காவாக ஓமலூர் வழியே போகிறது. இரண்டும் கடைசியில் காவிரிதான். அதற்கு முன்னால் உங்கள் காட்டுத் (விளைநிலத்துத்) தண்ணீர் எந்த ஓடையில் விழுகிறதோ, அந்த ஓடைக்குத் தண்ணீர் தரும் மேடு பள்ளம் மொத்தமும் ஒரு நீர்வடிப்பகுதி. ஊரில் ‘வாட்டர்ஷெட்’ என்றால்தான் புரியும். ஏறக்குறைய 500 ஹெக்டேரை ஒரு சிறு நீர்வடிப்பகுதி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பட்டா எல்லை, பஞ்சாயத்து எல்லை எதற்கும் தண்ணீர் கட்டுப்படாது என்பதால்தான் இந்தக் கணக்கு.

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். வரப்பில்லாத சரிவான மரவள்ளிக் காட்டில் அது நிற்குமா? மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். அந்த மண் ஏரியில் போய்ப் படியும், ஏரி மேடாகும், ஏரியை நம்பிய கிணறும் வற்றும்.

இதைச் சரிசெய்ய 2009-10 முதல் ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம் இருந்தது. 2015-16இல் அது மத்திய அரசின் பாசனத் திட்டமான பிரதம மந்திரி கிரிஷி சிஞ்சாயி யோஜனாவுக்குள் வந்தது. அதன் இரண்டாம் கட்டத்தை 2021-22இலிருந்து 2025-26 வரை என வகுத்தார்கள். செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. ஹெக்டேருக்குச் சமவெளியில் 22,000 ரூபாய், மலைப்பாங்கான இடத்தில் 28,000 ரூபாய் வரை. 500 ஹெக்டேர் என்றால் சமவெளிக் கணக்கிலேயே 1 கோடியே 10 லட்சம். ஊருக்கு இது சின்னத் தொகை இல்லை.

வேலை மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வரவேண்டும் என்பது அடிப்படை விதி. மேலே சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் சம மட்டப் பள்ளங்கள், கல் வரப்புகள், மரக்கன்றுகள். நடுவில் காட்டு வரப்பு, பண்ணைக்குட்டை. ஓடையில் சிறு கல் தடுப்புகள். தடுப்பணையும் கசிவுநீர்க்குட்டையும் அதற்கப்புறம். ஆனால் கூட்டம் போட்டால் எல்லோரும் முதலில் கேட்பது தடுப்பணைதான். கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம்! மேட்டைத் தொடாமல் கீழே கட்டிய தடுப்பணை சில மழையிலேயே மண்ணால் நிரம்பிவிடும். மலை அடிவாரத்தில் ஒரு சிக்கலும் உண்டு: மேடு பல இடங்களில் காப்புக்காடு. அங்கே வனத்துறை வழியாகத்தான் வேலை நடக்கும். திட்டம் எழுதும்போதே அவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது.

இதற்குத் தனியாள் விண்ணப்பம் கிடையாது. எந்தப் பகுதி என்பதை அரசு தேர்வு செய்யும். தேர்வான பிறகு கிராம சபை நீர்வடிப்பகுதிக் குழுவை அமைக்கும். குறைந்தது 10 பேர். அதில் பாதி சுய உதவிக் குழு, பயனாளிக் குழு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகிய தரப்புகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். எங்கே என்ன வேலை என்று கோலப்பொடியால் தரையில் ஊர்ப்படம் வரைந்து பேசுவார்கள். அன்றைக்குப் போகாமல் இருந்துவிட்டு, ‘என் காட்டுக்கு வரப்பு வரவில்லையே’ என்று பிறகு கேட்டுப் பயனில்லை.

இனி தலைப்பில் சொன்ன அந்தப் பங்குத்தொகை. உங்கள் சொந்த நிலத்தில் மண், நீர்ப் பாதுகாப்பு வேலை நடந்தால் செலவில் குறைந்தது 10 சதவீதம் நீங்கள் தரவேண்டும். சிறு, குறு விவசாயிகளும் ஆதிதிராவிடர், பழங்குடியினரும் 5 சதவீதம் தந்தால் போதும். 20,000 ரூபாய்க் கல் வரப்புக்கு 2,000 அல்லது 1,000. காசில்லையென்றால் உழைப்பாகவும் தரலாம். அந்தக் கூலிக்குச் சமமான தொகையைத் திட்டக் கணக்கிலிருந்து எடுத்து உங்கள் பங்காக வரவு வைப்பார்கள். ‘கட்டிங்’ (கமிஷன்) என்று பலர் சந்தேகப்படுவது இந்தப் பங்குத்தொகையைத்தான். சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் ரசீது கேட்காமல் கொடுத்துவிடுகிறோம். இந்தப் பணம் அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ போகக்கூடாது. நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி என்று ஊருக்கென்றே தனி வங்கிக் கணக்கு உண்டு, அதில்தான் சேரவேண்டும். திட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பொது இடத்துத் தடுப்பணை உடைந்தால் பூச இந்த நிதிதான். உங்கள் சொந்தக் காட்டு வரப்பு உடைந்தால் இதில் எடுக்க முடியாது; அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நிதியை எப்படிச் செலவிடுவது என்ற விதிகளைக் கிராம சபை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நிலமே இல்லாதவர்களுக்கு? திட்டத்தில் வாழ்வாதாரத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. சுய உதவிக் குழு வழியாக ஆடு, கறவை மாடு, சிறுதொழிலுக்குச் சுழல்நிதி கிடைக்கும்.

சிறு விவசாயிச் சான்று, பட்டா நகல், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் தேர்வாகியிருக்கிறதா என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம். ஏற்கெனவே வேலை முடிந்த ஊர் என்றால், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் எழுந்து அந்த நிதிக் கணக்கின் பாஸ்புக்கை வாசிக்கச் சொல்லுங்கள்.