மூன்று கிலோமீட்டர்தானே என்று இறங்காதீர்கள்

ஃபோர் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டியை, கரடுமுரடான பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். புதிதாக வருகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பயந்து பயந்து, சொன்னதைக் கேட்டு ஓட்டுவார்கள். நாலைந்து முறை மண்ணில் ஓட்டிப் பழகியவர்கள் சின்னப் பாதை ஒன்றில் இறங்கும்போதுதான் மனசு அடித்துக்கொள்கிறது. "மூணு கிலோமீட்டர்தானே சார்" என்பார்கள். டயரில் காற்றைக் குறைக்க மாட்டார்கள், இறங்கி நடந்து பார்க்கவும் மாட்டார்கள்.

அப்படி ஒருவர், சரளை இறக்கத்தின் நடுவில் பழக்க தோஷத்தில் கிளட்சை மிதித்துவிட்டார். அதுவரை வண்டியைப் பிடித்து வைத்திருந்தது எஞ்சின்தான். அந்தப் பிடி போனதும் வண்டி வேகமெடுத்தது. பதறிப் பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் சுழலாமல் அப்படியே சறுக்க, பின்பக்கம் மெல்ல ஒதுங்கியது. பக்கத்தில் இருந்த நான், "ரெண்டு காலையும் எடுங்க!" என்று கத்தினேன். எடுத்தார். சக்கரம் சுழன்றதும் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்டது, வண்டி நேரானது. இன்னும் கொஞ்சம் குறுக்கே திரும்பியிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

இறக்கத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தி ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு சுழலும் நிலை), முதல் கியர் போட்டுவிடுங்கள். பாதி வழியில் கியரைத் தொடாதீர்கள். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் திருப்பப் பார்க்காதீர்கள். ரிவர்ஸ் கியரில், வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள்.

டயர் விஷயம் சுலபம். காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. இருந்தால் 20 வரை குறைக்கலாம். தரையில் பதியும் பரப்பு நீளும், பிடிப்பு கூடும். தார் ரோட்டில் வேகமெடுக்கும் முன் மறக்காமல் நிரப்புங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடாகிக் கிழியும்.

அப்புறம், சிக்கிய வண்டியை இழுப்பது. இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். டிரெய்லர் இழுக்கப் பின்னால் இருக்கும் டோ பாலில் கயிற்றை மாட்டவே மாட்டாதீர்கள். வெடுக்கென்று இழுக்கும் விசைக்காக அது செய்யப்படவில்லை. முறிந்தால் அந்த இரும்புக் குண்டு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து ஆளைக் கொல்லும். உலகில் பல இடங்களில் இப்படி உயிர் போயிருக்கிறது. மீட்புக்கென்றே சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு இறுக்கிய கொக்கி இருக்கும். பாதையில் இறங்கும் முன், உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள், பாதை அப்புறம்.