"கவர்மென்ட் கேஸ்தானே" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து போன வாரமும் ஒரு குடும்பம் வந்தது. வயல் தகராறில் நடந்த கொலையில் அண்ணனைப் பறிகொடுத்த பட்டியல் சாதிக் குடும்பம். எதிரிகளுக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, பிணை எப்போது கிடைத்தது என்று கேட்டேன். "அவங்க டீக்கடையில உட்கார்ந்திருந்ததப் பார்த்துத்தான் தெரிஞ்சுது வக்கீலம்மா. கவர்மென்ட் கேஸ்தானேன்னு விட்டுட்டோம்" என்றார் தம்பி.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வழக்கை நடத்துவது அரசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அரசு வழக்கறிஞருக்கு உங்கள் ஊர் தெரியாது. யார் யாரைத் தெருவுக்குள் விடவில்லை, எந்த வாய்க்காலில் தண்ணீரை அடைத்தார்கள், கொலைக்கு முந்தின மாதம் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதெல்லாம் கேஸ் கட்டில் இருந்தால்தான் அவர் பேச முடியும். கட்டில் இல்லாததை எந்த நீதிபதியும் தேடி எடுத்துத் தரமாட்டார்.

அந்தத் தம்பி மஞ்சப்பையிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துக் கொடுத்தார். "முன்விரோதம் காரணமாக" என்று ஒரே வரி. சாதியைச் சொல்லித் திட்டியது, கோயில் திருவிழாவில் நடந்த அடிதடி எதுவும் இல்லை. ஏன் போலீசில் சொல்லவில்லை என்றால், "அவங்களுக்கே தெரியுமேம்மா" என்கிறார்.

வெண்மணி நம் மண்ணில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே பட்டியல் சாதிக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரிந்து செத்தார்கள். அந்த வழக்கில் எதிரிகளான நிலவுடைமையாளர்களுக்கு நாகப்பட்டினம் நீதிமன்றம் கொடுத்த பத்தாண்டுத் தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மகாராஷ்டிராவில் பண்டாரா மாவட்டம் கயர்லாஞ்சியில் 2006 செப்டம்பர் 29 அன்று ஒரு பட்டியல் சாதிக் குடும்பத்தின் தாய், மகள், இரண்டு மகன்கள் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியவர் தந்தை ஒருவர்தான். 2008இல் ஆறு பேருக்கு மரண தண்டனையும் இரண்டு பேருக்கு ஆயுளும் விதித்தார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை 25 ஆண்டுச் சிறையாக்கியது. கொலைக் குற்றம் நின்றது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கென்றே உள்ள வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு மட்டும் இரண்டு நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. பழிவாங்கும் கொலை என்றே முடிவானது.

சாதியின் பொருட்டே கொன்றார்கள் என்று நிரூபிக்க வேண்டிய நிலை அன்று இருந்தது. அந்தச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2016 ஜனவரி 26க்குப் பிறகு, பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே செய்திருந்தால் போதும். உங்களையோ உங்கள் குடும்பத்தையோ எதிரிக்கு நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; இல்லையென்று காட்டுவது அவர் பாடு. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதை நீங்கள் வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைக்கூடச் சொல்லாமல் வந்தால் நான் என்ன செய்வது?

புகாரை ஆற அமர எழுதுங்கள். படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். போலீஸ் விசாரணையில் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், சட்டமே கூடாது என்கிறது. சாட்சிகள் பயந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க மனுப் போடுங்கள், பாதுகாப்பும் கேளுங்கள். விசாரிப்பவர் டி.எஸ்.பி.தானா என்று பாருங்கள். பிணை மனு வந்தால் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 15ஏ. நோட்டீஸ் தராமல் கொடுத்த பிணையை 2021இல் உச்ச நீதிமன்றம் ரத்தே செய்திருக்கிறது. மன்னார்குடிக் குடும்பத்துக்கு இப்போது அந்த வழியில்தான் மனுப் போடுகிறோம்.

ஊர்ப் பெரியவர்கள் பணத்தை வைத்துக்கொண்டு சமாதானம் பேச வருவார்கள். கொலை வழக்கில் சமாதானம் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. வாங்கினால் உங்கள் சாட்சிதான் பிறழும், வழக்குதான் சாகும்.

அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்களுக்கென்று ஒரு வக்கீலை நீதிமன்ற அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள். எதிரிகள் விடுதலையானாலும் மேல்முறையீடு செய்யும் உரிமை இன்று உங்களுக்கே உண்டு. வெண்மணிக்காரர்களுக்கு அது இருக்கவில்லை. 90 நாள் கெடு. தீர்ப்பு நகலுக்குத் தீர்ப்பன்றைக்கே மனுப் போட்டுவிடுங்கள், தயவுசெய்து.