லாபம் ஏட்டில், பணம் எங்கே?

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் எழுதும் செலவுப் பட்டியலில் இயந்திரம் இருக்கும், கட்டடத்துக்கான முன்பணம் இருக்கும், பெயர்ப்பலகைகூட இருக்கும். முதலில் வாங்கிய சரக்கு விற்று அந்தப் பணம் கைக்கு வரும்வரை எதை வைத்து ஓட்டுவது என்பதற்கு மட்டும் ஒரு வரி இருக்காது. கணக்கேட்டில் லாபம் காட்டும் தொழில்கூடச் சம்பள நாளன்று திண்டாடுவது அந்த வரி விடுபட்டதால்தான். இடையில் ஓட்டுவதற்கான அந்தப் பணத்துக்குப் பெயர் நடைமுறை மூலதனம்.

அதை மூன்று எண்களை வைத்துத் தோராயமாகக் கணக்கிடலாம். சரக்கு சராசரியாக எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது, கடனுக்கு விற்றது எத்தனை நாளில் வசூலாகிறது, சரக்குக் கொடுத்தவருக்கு எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழியுங்கள். 30 நாள், 45 நாள், 15 நாள் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 60 நாள். ஒரு நாளைக்குத் தொழிலில் இறங்கும் பணம் 5,000 என்றால், 3,00,000 எந்நேரமும் சுழற்சியில் மாட்டிக்கொண்டிருக்கும். புதியவரை நம்பி யாரும் உடனே கடனுக்குச் சரக்கு தருவதில்லை. ஆகவே கழிக்க வேண்டிய அந்த 15 நாளும் ஆரம்பத்தில் கிடையாது. தேவை 3,75,000 ஆகிவிடும்.

விற்பனை கூடினால் இது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. விற்பனை இரட்டித்தால் 3,00,000 என்பது 6,00,000 ஆகும். செலவின் மேல் 10% லாபம் என்றால் பழைய அளவில் மாதம் கிடைப்பது 15,000தான். கூடுதல் மூன்று லட்சத்தை அதிலிருந்தே சேர்க்க 20 மாதம் பிடிக்கும். பெரிய ஆர்டர் வந்த மகிழ்ச்சியில் இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்திடுகிறவர்கள்தான் அதிகம். முன்பணம் கேட்கக் கூச்சப்படுவது இன்னொரு கோளாறு. பில் போடுவதிலும் சோம்பல் உண்டு: மாதத்தின் முதல் நாள் அனுப்பிய சரக்குக்குக் கடைசி நாள் பில் போட்டால், 30 நாள் கெடு என்பது உண்மையில் 60 நாள். சரக்கோடு பில்லும் போகட்டும்.

அடுத்து விலை. 100க்கு வாங்கி 125க்கு விற்பவர் ‘25% லாபம்’ என்பார். கொள்முதல் விலையின் மேல் அது 25%. விற்ற விலையில் அது 20% மட்டுமே. தள்ளுபடியோ விற்கும் விலையில்தான் கொடுக்கப்படுகிறது. அதனால் 20% தள்ளுபடி கொடுத்தால் கையில் வருவது சரியாக 100, மிச்சம் எதுவுமில்லை. 10% கொடுத்தாலே லாபம் 25லிருந்து 12.50ஆக இறங்குகிறது, பழைய லாபத்தைப் பார்க்க இரண்டு மடங்கு எண்ணிக்கை விற்றாக வேண்டும். இதே 20%ஐ வைத்து இன்னொன்றையும் பார்த்துவிடலாம். வாடகை, சம்பளம், மின்சாரம் என்று விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 40,000 போகிறதென்றால், நட்டமில்லாமல் நிற்கவே மாதம் 2,00,000க்கு விற்பனை வேண்டும். அந்த 40,000க்குள் உரிமையாளரின் சம்பளம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கைவைப்பது அப்படித்தான் தொடங்குகிறது.

கடன் வாங்கும்போது வட்டி எதன் மேல் போடப்படுகிறது என்று கேளுங்கள். 1,20,000 கடன், 12% வட்டி, 12 தவணை. முழுத் தொகைக்கும் ஆண்டு முழுவதும் வட்டி போட்டால் வட்டி 14,400, மாதத் தவணை 11,200. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி மாதத்தில் உங்களிடம் இருப்பது அசலில் சிறு பங்குதான். குறையும் அசலுக்கு வைத்துப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5% வட்டி. தவணையில் வட்டிப் பகுதி மட்டுமே லாப நட்டக் கணக்கில் செலவாக வரும். அசல் அங்கே தலைகாட்டாது, ஆனால் கல்லாவிலிருந்து போய்விடும். ஐந்து ஆண்டு உழைக்கப்போகும் இயந்திரத்தை ஓராண்டுக் கடனில் வாங்கினால் மாதத் தவணை அந்த இயந்திரம் ஈட்டுவதைத் தாண்டிவிடக்கூடும்.

வாடிக்கையாளரிடம் வசூலித்த வரிக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அது உங்கள் பணமல்ல. ஒரே கணக்கில் கிடந்தால் சரக்கு வாங்கப் போய்விடும், கெடு நாளில் அபராதத்தோடு திரும்பி வரும்.

இவற்றையெல்லாம் கண்ணில் காட்டுவது ஒரு தாள்: அடுத்த 13 வாரங்களுக்கான ரொக்கத் திட்டம். ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்க இருப்பு, வரும் பணம், போகும் பணம், முடிவு இருப்பு என்று நான்கே வரிசை. வரவை பில் தேதியில் எழுதாதீர்கள். அந்த வாடிக்கையாளர் வழக்கமாகக் கட்டும் தேதியில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எல்லா வரவையும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். முடிவு இருப்பு எந்த வாரத்தில் சுழியத்துக்குக் கீழே போகிறதோ, அந்த வாரத்துக்கான பணத்தை இன்றைக்கே தேடத் தொடங்க வேண்டும்: பழைய நிலுவையை வசூலிப்பது, தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுவது, சரக்குக் கொடுத்தவரிடம் கூடுதல் நாள் கேட்பது, கடைசியாகத்தான் வங்கி. திங்கட்கிழமைதோறும் முடிந்த வாரத்தை அடித்துவிட்டு, கீழே புதிதாக ஒரு வாரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.