தண்ணீரில் நிற்கும் செடிக்கு மூச்சுத் திணறும்போது

ஒவ்வோர் ஆண்டும் சித்திரை பிறந்த பத்துப் பதினைந்து நாட்களில் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். மண்ணில்லாமல் செடி வளர்க்கச் சத்துக் கரைசல் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் மூடியில் துளையிட்டுச் செருகிய நெட் பாட்டுகள் என்ற வலைக்கிண்ணங்கள், அவற்றில் நண்பகல் வெயிலில் துவண்டு தொங்கும் லெட்டூஸ் அல்லது பாலக், படத்தின் கீழே, “உரம் போதவில்லையா?” என்ற கேள்வி. சென்னையில் தோட்டக்கலை ஆலோசகராக இருக்கும் நான், மூடியைத் தூக்கி வேரைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றுதான் முதலில் கேட்பேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுநார் மட்டும் எஞ்சுமானால் அது வேரழுகல். அந்நிலையில் மேலும் உரம் கொட்டுவது செடியின் முடிவை விரைவுபடுத்தவே உதவும்.

ஆழ்நீர் வளர்ப்பு என்று நாம் சொல்லும் இந்த முறை, மண்ணில்லா வளர்ப்பு முறைகளிலேயே எளிமையானது. பெட்டியில் சத்துக் கரைசல், அதில் தொங்கும் வேர், கரைசலுக்குள் குமிழி விடும் ஏர் பம்ப், அவ்வளவே. 1860-களில் ஜெர்மனியின் தாவரவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டிய நீர்வளர்ப்பைப் பயிர் விளைவிக்கும் முறையாக 1929 முதல் முன்னெடுத்தவர், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பணியாற்றிய வில்லியம் கெரிக். கடலோரக் குளுமை நிறைந்த அவ்வூரில் தண்ணீர் சூடாகிவிடுமே என்ற கவலை பெரிதாக எழுந்திராது. இன்று நாம் பார்த்துச் செய்யும் காணொளிகளிலும் பல குளிர்நாட்டு அறைகளில் எடுக்கப்பட்டவையே. உரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளும் நாம், அந்த அறையின் குளிரை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம்.

வேர் தண்ணீரைக் குடிப்பதோடு மூச்சும் விடுகிறது. அதற்கு வேண்டிய உயிர்வாயு, நீரில் கரைந்துள்ள அளவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.6 மில்லிகிராமாகவும், 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்கும் இறங்கிவிடும். அதே வேளையில் வெப்பம் ஏற ஏற வேரின் மூச்சும் வேகமெடுப்பதால், வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் செடிக்கும். இப்படி நலிந்த வேரைத் தேடிவரும் பிதியம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் தண்ணீரில் நீந்திச் செல்லக்கூடியவை என்பதால், ஒரு செடியில் தொடங்கிய அழுகல் அந்தப் பெட்டி முழுவதற்கும் பரவ நெடுநாள் ஆவதில்லை.

“நெல் தண்ணீரிலேயே நிற்கிறதே?” என்று கேட்காதவர் குறைவு. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கிச் செல்வதற்கென்றே அறைகள் உள்ளன. வள்ளைக்கீரைக்கும் தண்டு உள்ளீடற்ற குழல். லெட்டூஸுக்கும் தக்காளிக்கும் அத்தகைய ஏற்பாடு இல்லை. அதனால்தான் கோடையில் தொடங்குபவர்களுக்கு நான் வள்ளைக்கீரையையும் புதினாவையும் பரிந்துரைத்து, லெட்டூஸை மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.

வேளச்சேரியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெட்டிகள் அனைத்துக்கும் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். பாசி வரவில்லை, ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பமானியைத் தோய்த்தபோது கரைசல் 36 டிகிரி காட்டியது. வெளிச்சத்தை மறைக்கக் கறுப்பு வேண்டும் என்பது சரிதான், ஆனால் அதன்மேல் வெள்ளை பூச வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொன்னவர் சொல்லவில்லை. மீன் அங்காடியில் கழித்துப்போடும் தெர்மகோல் பெட்டியை நன்றாகக் கழுவி, உள்ளே உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் விரிப்பை இட்டுப் பயன்படுத்தினால் வெப்பம் உள்ளேறுவது வெகுவாகக் குறையும். பிளாஸ்டிக் பெட்டிதான் இருக்கிறது என்றால், மண்பானையைக் குளிர்விக்கும் அதே தத்துவப்படி ஈரச்சாக்கைச் சுற்றிவைத்து, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். உறையவைத்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நண்பகலில் பெட்டிக்குள் மிதக்கவிடுவதும் நல்ல வழியே. கரைசல் 26 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நம் கோடையில் 28-க்கு மேல் போகாமல் காத்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். அதைக் கரைசல் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் நின்றவுடன் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடக்கூடும். மின்வெட்டுக்கு அஞ்சுபவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு: நாற்று வைக்கும்போது நெட் பாட்டின் அடியைத் தொடும்படி இருந்த கரைசலை, வேர் நீண்ட பிறகு மூன்று நான்கு விரற்கடை இறக்கிவிடுங்கள். மேல்பகுதி வேர்கள் ஈரக்காற்றில் நின்று மூச்சுவிடப் பழகிக்கொள்ளும். ஓரிரு மணிநேரம் குமிழி நின்றாலும் செடி தாங்கும்.

உரத்தைப் பொறுத்தவரை, கடையில் ஏ, பி என இரண்டு புட்டிகளாகக் கிடைக்கும் கரைசலே தொடக்கத்துக்குப் போதும். அவற்றை நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்து வீணாகிவிடும் என்பதால், தனித்தனியே தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். சிக்கனத்துக்காக, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை மட்டும் கரைத்து ஊற்றுபவர்கள், அதில் கால்சியம் இல்லை என்பதையும், தழைச்சத்தில் பாதிக்கு மேல், மண்ணில்லாத கரைசலில் செடிக்கு எளிதில் பயன்படாத யூரியா வடிவில் இருப்பதையும் கவனிப்பதில்லை. பஞ்சகவ்யத்தையும் ஜீவாமிர்தத்தையும் இதில் ஊற்றவே கூடாது. மண்ணில் அவற்றின் இடம் வேறு. மூடிய பெட்டியில் அவை அழுகும்போது, வேருக்கு வேண்டிய உயிர்வாயுவைத்தான் முதலில் தின்னும்.

உரத்தைவிடத் தண்ணீர்தான் பலரை ஏமாற்றுகிறது. கீரைகளுக்கு, நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் சாதாரண டிடிஎஸ் மீட்டரில் 600 முதல் 800 வரை காட்டும் கரைசல் போதுமானது. உங்கள் போர் தண்ணீரே 1000 காட்டுகிறது என்றால், உரம் போடும் முன்பே அது நிறைந்துவிட்டது என்று பொருள். அதுவும் செடிக்குப் பெரும்பாலும் பயன்படாத உப்பால். ஆர்ஓ தண்ணீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். ஆர்ஓ கருவி கழித்துவிடும் தண்ணீர் மட்டும் வேண்டாம். உரம் கலந்த பிறகு, கரைசலின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு பிழிந்து இறக்கினால், நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பை உண்டு தீர்த்தபின் அளவு மீண்டும் ஏறிவிடும். இதற்கென்றே விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலைக் கையுறை அணிந்து சொட்டுச் சொட்டாக விடுவதே முறை.

எவரும் கேட்காத, ஆனால் நான் சொல்லாமல் விடாத ஒன்று கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீர் மிகவும் உவப்பானது. அதன் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். குமிழி ஓடுவதால் கொசு அண்டாது என்று நம்பியிருக்காமல், செடி வைக்காத துளைகளை அடைத்து, ஏர் குழாய் நுழையும் இடைவெளியில் பஞ்சைச் செருகுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுவதுமாக மாற்றும்போது, பெட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் ஒட்டியிருக்கும் முட்டைகளும் போகும். பழைய கரைசலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். அதைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, மண்தொட்டியில் நிற்கும் செம்பருத்திக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றிவிடலாம்.